பூச்சுக்குப் பின்னால்

பிறர் கண் படாத இடத்தில் செய்யப்படும் வேலைக்கு அறம் என்று ஒன்று உண்டா? உண்டு என்றால், அதனைக் காக்கும் கடமை யாரைச் சார்ந்தது? தத்துவ நூல்கள் நெடுங்காலமாக எழுப்பி வரும் இக்கேள்வி, அண்மையில் ஒரு பிற்பகலில், கற்பிட்டி வீதியோரத்துத் தென்னோலைக் கொட்டகை ஒன்றில் நாம் எதிர்பாராத உருவில் நம் முன் வந்து நின்றது.

புத்தளம் நகருக்குத் தெற்கே பாலாவியில் பிரியும் அவ்வீதி, ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக நீண்டு கிடக்கும் குடாநாட்டின் மேல் செல்கிறது. உப்பளங்களையும் தென்னந்தோப்புகளையும் நுரைச்சோலை மின் நிலையத்தின் புகைபோக்கியையும் கடந்து சென்றால், மீனவர் வாடிகளும் படகு திருத்தும் கொட்டகைகளும் கண்ணில் படும். அத்தகைய கொட்டகை ஒன்றில் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் அருகே ஒரு பழைய கார் நின்றது. துருவேறி உதிர்ந்த அதன் இரும்புத் தகடுகளுக்குப் பதிலாக, அதே வடிவில் பைபர் கிளாஸில் வார்த்தெடுத்த மட்கார்டுகளையும் பானெட்டையும் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அவை பொருந்தவில்லை. ஒரு பக்கத்தில் கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி. மறுபக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று உரசின. பானெட் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது.

“இதை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டோம். தொழில் தெரிந்தவரை ‘பாஸ்’ என்று அழைப்பது இந்நாட்டு வழக்கம். அந்த பாஸ் சிரித்தார். “ரெண்டு வழி இருக்கு ஐயா. பட்டி வச்சுத் தேச்சா இண்டைக்கே முடியும். அறுத்து, இழுத்துப் பிடிச்சு, பின்னால பைபர் வச்சா மூணு நாள் போகும். மூணு நாளுக்குக் காசு தாறது யாரு?”

அவர் கேட்டது கூலிக் கணக்கு. ஆனால் அக்கணக்கினுள்ளே ஓர் அறக் கேள்வி மறைந்திருந்தது. அதனைப் புரிந்துகொள்ள, முதலில் அப்பொருளின் தன்மையைச் சற்றே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கண்ணாடியை உருக்கி நூலினும் மெல்லிய நாராக இழுத்து, அந்நாரை விரிப்பாகப் பரப்பி, பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிசினில் தோய்த்து இறுகச் செய்தால் கிடைப்பதே பைபர் கிளாஸ். 1930களில் அமெரிக்காவில் கண்ணாடி நாரைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் முறை கைகூடியது. 1953இல் அங்கே வெளிவந்த செவ்ரலே கார்வெட் என்னும் கார், இப்பொருளாலான உடலைத் தாங்கித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அன்றே தகடுகள் ஒழுங்காகப் பொருந்தவில்லை என்ற குறையும் அதனுடன் கூடவே வந்தது. இலங்கையில் 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டு உதவியுடன் காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனத்தின் வாயிலாகவும் பிற படகுத் துறைகளின் வாயிலாகவும் பைபர் படகு பரவிற்று. இன்று சிலாபம் முதல் கற்பிட்டி வரை, மரத்தைக் குடைந்து செய்த வள்ளங்களும் தோணிகளும் இருந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருப்பவை 18 முதல் 23 அடி நீளமுள்ள பைபர் படகுகளே.

இப்பொருளின் விசித்திரம் என்னவெனில், இதனை உருவாக்குகிறவன் வெளிப்பக்கத்தை முதலில் செய்கிறான். உள்பக்கத்தைப் பின்னரே செய்கிறான். அச்சினுள் முதலில் ஜெல்கோட் என்னும் நிறப்பூச்சு பூசப்படுகிறது. அதன் மேல்தான் நாரும் பிசினும் அடுக்கடுக்காக இடப்படுகின்றன. அச்சிலிருந்து பிரித்தெடுத்ததும் உலகம் பார்ப்பது அப்பளபளப்பான பூச்சை மட்டுமே. பின்னே மூன்று அடுக்கு நார் இருக்கிறதா, ஒன்றுதான் இருக்கிறதா, பிசின் முழுவதும் ஊறியிருக்கிறதா, இடையில் காற்றுக் குமிழி தங்கியிருக்கிறதா என்பதைப் பூச்சு சொல்வதில்லை. நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் முகம் ஒன்றே.

இனி, தகடு ஏன் பொருந்துவதில்லை? ரெசின் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்குகிறது. முழுவதும் இறுகுமுன் அவசரப்பட்டு அச்சிலிருந்து உரித்தெடுத்தால், வெளியே வந்த பின்னும் சுருங்கிக்கொண்டே போய் முறுக்கிக்கொள்கிறது. சுவரில் சாய்த்து வெயிலில் வைத்தால் சாய்த்த வாக்கிலேயே வளைந்துவிடுகிறது. 100 பங்கு ரெசினுக்கு 1 அல்லது 2 பங்கு கடினமாக்கி சேர்க்க வேண்டிய இடத்தில், நேரத்தை மிச்சப்படுத்த அதிகம் ஊற்றினால் சூடேறிக் கோணிக்கொள்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சே பிழையாக இருக்கலாம். பழைய காரின் நசுங்கிய மட்கார்டிலிருந்து அச்சு எடுத்தால், நசுங்கலும் சேர்ந்தே பிறக்கிறது.

ஆகவே, பொருந்தாத தகடு என்பது ஒரு சாட்சி. எங்கோ அவசரம் நடந்தது, எங்கோ சிக்கனம் நடந்தது, எங்கோ ஒரு பழைய காயம் மறைக்கப்பட்டது என்று அது வாய் திறந்து சொல்கிறது. அச்சாட்சியை விசாரித்துக் காரணத்தைக் கண்டு திருத்துவது ஒரு வழி. அதன் வாயைப் பட்டியால் அடைத்துவிடுவது மற்றொரு வழி.

முதல் வழியில் செல்லும் தொழிலாளி எதையும் உடனே இறுக்குவதில்லை. எல்லாத் திருகுகளையும் தளர்வாக விட்டு, மாறாத ஒன்றிலிருந்து தொடங்குகிறான். கதவு கீலில் தொங்குகிறது. ஆகையால் முதலில் கதவு, கதவுக்கு இசைய மட்கார்டு, இரண்டு மட்கார்டுகளுக்கும் இசையக் கடைசியில் பானெட் என்று வரிசைப்படுத்துகிறான். முறுக்கிய தகட்டில் வாளால் ஒரு பிளவு இட்டு, சரியான நிலைக்கு இழுத்து, மரச் சட்டங்களைக் குறுக்கே திருகி அசையாமல் பிடிக்கிறான். பின்பு பின்புறத்திலிருந்து நாரும் பிசினும் வைத்து இறுகும் வரை காத்திருக்கிறான். உடைந்த இடமாயின் விளிம்பை நீண்ட சரிவாகத் தேய்க்கிறான். 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு 60 மில்லிமீற்றர் சரிவு என்பது நல்ல தொழிலின் கணக்கு. அதன் பிறகே, முகத்தில் எஞ்சிய சிறு மேடுபள்ளங்களை மெல்லிய பட்டியால் நிரவி, உப்புத்தாளால் தேய்க்கிறான். இரண்டாம் வழியில் இவை ஒன்றும் இல்லை. இடைவெளியில் விரல் தடிப்புக்குப் பட்டி. அதன் மேல் வண்ணம். சில மாதங்கள் குண்டும் குழியுமான வீதியில் ஓடினால், அதே இடத்தில் விரிசல் மீண்டும் வாய் திறக்கும்.

இங்கே அவசரப்பட்டு, பட்டி என்றாலே பொய் என்று தீர்ப்புக் கூறிவிடலாகாது. முதல் வழியிலும் பட்டி உண்டு என்பதைக் கண்டோம். வள்ளுவர் வாய்மையைப் பிறருக்குத் தீங்கு பயவாத சொல்லோடு சேர்த்தே இலக்கணப்படுத்தினார். அவ்வளவுகோலைக் கைவினைக்கும் வைத்துப் பார்க்கலாம். சுமை தாங்க வேண்டிய இடத்தில் சுமை தாங்காத ஒன்றை வைத்து, அது தாங்கும் என்று நம்பச் செய்வதே பொய். சுமை இல்லாத இடத்தில் முகத்தை நிரவுவது வெறும் அலங்காரம். மனித உறவுகளிலும் இவ்வேறுபாடு உண்டு. துயரத்தில் இருப்பவனிடம் இதமாகப் பேசுவது மேற்பூச்சு; திருப்பித் தரும் எண்ணமின்றிக் கடன் வாங்கும்போது கூறும் உறுதி, சுமையை ஏற்றிக்கொண்ட பொய்.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு கதை வருகிறது. லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு, அணிந்தவனைப் பிறர் காணாதபடி மறைக்கும் மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அவன் அரசனைக் கொன்று அரியணையைக் கைப்பற்றுகிறான். இம்மோதிரம் கிடைத்தால் நல்லவனும் அவ்வாறே நடப்பான், மாட்டிக்கொள்வோம் என்ற அச்சமே அறம் என்பது அங்கே எழுப்பப்படும் வாதம். பைபர் கிளாஸ் தொழிலாளியின் கையில் உள்ள ஜெல்கோட் அந்த மோதிரத்தை ஒத்தது. ஆனால் மந்திர மோதிரம் கதையில் ஒருவனுக்கே கிடைத்தது. நம் காலத்துத் தொழில்முறை அதனைத் தினந்தோறும் ஆயிரக்கணக்கானோர் விரலில் மாட்டிவிடுகிறது.

1785இல் இமானுவேல் கான்ட் மற்றோர் உதாரணம் கூறினார். விவரம் அறியாதவரிடமும் சரியான விலையே வாங்கும் கடைக்காரன் நேர்மையாளனா? தன் கடைக்கு நல்ல பெயர் வேண்டும் என்பதற்காக அவன் அப்படி நடந்தால், அது கடமை உணர்வன்று, கணக்கு என்றார் அவர். கூரிய வாதம்தான். ஆயினும், கான்ட் கண்ட கடைக்காரனுக்குக் கடை அவனுடையது. விலையைச் சொல்பவனும் அவனே. நாம் கண்ட பாஸுக்கோ விலை சொல்லும் உரிமை இல்லை. ‘மூணு நாளுக்குக் காசு தாறது யாரு’ என்ற அவர் கேள்விக்குக் கான்ட்டின் நூலில் விடை இல்லை.

காரில் பட்டி விரிந்தால் வண்ணம் கெடும். சொந்தக்காரனுக்கு மனம் கசக்கும். அவ்வளவே. ஆனால் அதே கொட்டகையில், அதே ரெசின் வாளியின் அருகே, படகு ஒன்று கவிழ்ந்து கிடந்ததை மறந்துவிடலாகாது. படகின் பின்பலகையில் எஞ்சின் தொங்குகிறது. அது ஒவ்வொரு கணமும் அதிர்ந்து அப்பலகையை உடலிலிருந்து பிய்க்க முயல்கிறது. அங்கே உள்மூலையில் வைக்க வேண்டிய நார் அடுக்குகளை வைக்காமல் பட்டியால் மூலையை வளைத்து வண்ணம் பூசிவிட்டால், கரையில் எவர் கண்ணுக்கும் தெரியாது. தென்மேற்குப் பருவக் காற்றில், கரை மறைந்த தொலைவில், இருவரோ மூவரோ படகில் இருக்கும்போதுதான் தெரியும். அப்போது அது வண்ணம் கெடும் விவகாரம் அன்று.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்கிலும் தெற்கிலும் தமிழகத்தின் கரையிலும் படகுகளை விழுங்கியது. புத்தளக் கரை பேரழிவிலிருந்து பெரும்பாலும் தப்பிற்று. உலகெங்கிலுமிருந்து உதவிப் பணம் வந்தது. படகு கொடுத்தோம் என்று அறிக்கை எழுத வேண்டிய அவசரம் அப்பணத்துடன் கூடவே வந்தது. முன்னனுபவம் இல்லாதோரும் படகுத் துறை திறந்தனர். கடலுக்கு ஏற்ற தரமின்றிக் கட்டப்பட்ட படகுகள் பல இவ்விரு நாடுகளிலும் கரைக்கு வந்தன என்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் பின்னர் எடுத்துக்காட்டி எச்சரித்தது. தரவிதிகளை வகுக்கவும் பயிற்சி அளிக்கவும் முற்பட்டது. அப்படகுகளைச் செய்தவர்களும் கொடுத்தவர்களும் கொடியவர்கள் அல்லர். பலர் இரக்கத்தால் உந்தப்பட்டவர்கள். ஆனால் எத்தனை படகு என்று எண்ணிய இரக்கம், பின்புறத்தில் எத்தனை அடுக்கு என்று எண்ணவில்லை. நல்லெண்ணமும் ஒரு மேற்பூச்சாக முடியும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமோ?

அப்படியானால் குற்றவாளி யார்? ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கின் 1849இல் எழுதிய கட்டிடக் கலை நூலில், ஒரு பொருளை மற்றொரு பொருள் போல் தோன்றச் செய்யும் பூச்சுகளைப் பொய் என்று கண்டித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, வெனிஸ் நகரைப் பற்றி எழுதுகையில், அவர் பார்வை கல்லிலிருந்து கல்லைச் செதுக்கும் மனிதனிடம் திரும்பியது. சிந்தனையும் மகிழ்ச்சியும் பறிக்கப்பட்டவனிடமிருந்து நேர்மையான வேலையை எதிர்பார்ப்பது எவ்வாறு என்று வினவினார். அவரினும் அழுத்தமாக இதனைக் காட்டியவர் ராபர்ட் டிரஸ்ஸெல். தாமே வீட்டுக்கு வண்ணம் பூசும் தொழிலாளியாக வாழ்ந்தவர். அவர் மறைந்த பின் 1914இல் வெளிவந்த அவருடைய நாவலில், நன்றாகச் செய்யத் தெரிந்த தொழிலாளிகளே ஒப்பந்தக்காரனின் விரட்டலுக்கு அஞ்சி, செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் மூடிப் பூசுகின்றனர். கெட்ட வேலை செய்யக் கற்றுக்கொள்பவன் சோம்பேறி அல்லன். வேலை போய்விடும் என்று அஞ்சுபவன்.

நமது கரையிலும் இதே நிலைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. ஐந்து ஆண்டுக் காலம் பழைய வாகனத்தை ஒட்டுப் போட்டு ஓட்டுவதன்றி நடுத்தரக் குடும்பத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. 2022 ஆகஸ்டில், படகு எஞ்சின்களுக்கு உயிரான மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தாவலில் ஏறிற்று. எண்ணெய்க்கே கடன்பட்டவன் படகின் பின்பலகைக்கு மூன்று நாள் கூலி கொடுப்பானா? சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியவன், படகைத் திருத்த ஒரு வாரம் கரையில் ஏற்றி வைப்பானா? பாஸ் பட்டி வைக்கிறார். ஆனால் அவர் கையைப் பிடித்து வைக்கச் செய்பவை பல கைகள்.

அந்தக் கைக்கு நேர்வது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். ரெசினில் கலந்துள்ள ஸ்டைரீன் ஆவியை, மனிதரில் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூசு தோலில் ஏறி அரிக்கிறது. மூச்சில் ஏறி உறுத்துகிறது. நாம் கண்ட கொட்டகையில் பழைய சாரத்துணி ஒன்றே முகமூடியாக இருந்தது. வேலையின் மறைந்த பக்கத்தைப் பற்றி அத்தொழிலாளிக்கு உபதேசிக்கும் சமுதாயம், அவன் நெஞ்சுக்கூட்டின் மறைந்த பக்கத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. நேர்மை ஒருவழிப் பாதையாக இருக்க முடியுமா?

எனினும், எல்லாவற்றுக்கும் சூழ்நிலையே காரணம் என்று கூறி ஓய்ந்துவிடுவதும் நமக்கு உடன்பாடன்று. அது முற்போக்குச் சிந்தனையின் பெயரால் செய்யப்படும் சோம்பல். சூழ்நிலை மனிதனை நெருக்குகிறது என்பது உண்மை. நெருக்கப்பட்டவன் மனிதனாகவே இருக்கிறான் என்பதும் உண்மை. அன்று நாம் விடைபெறும் வேளையில், காருக்கு என்ன முடிவு செய்தீர்கள் என்று பாஸிடம் மீண்டும் கேட்டோம். “காருக்குப் பட்டிதான் ஐயா. சொந்தக்காரருட்ட சொல்லிட்டன், ஒரு வருஷம் தாங்காது எண்டு. அவர் சரி எண்டார்.” பிறகு கவிழ்ந்து கிடந்த படகைக் கையால் தட்டினார். “இதுக்கு மட்டும் அப்படிச் செய்ய ஏலாது. காசு குறைவெண்டா வேலையைத் திருப்பிக் குடுத்திடுவன். கடலுக்குப் போறவனுக்கும் வீட்ட பிள்ளைகள் இருக்கு.”

அச்சிறு விடையில் நாம் தேடிய வேறுபாடு முழுவதும் இருந்தது. குறையைச் சொந்தக்காரனிடம் சொல்லிவிட்ட பின் வைக்கும் பட்டி பொய்யாகாது. அது இருவரும் அறிந்த வறுமை. உயிர் சுமக்கும் இடத்தில் மறுத்து நிற்பது, வறுமைக்கும் அடகு வைக்க முடியாத ஒன்று. ஆனால் மறுத்த அன்று அவர் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை என்பதே உண்மை. ஒரு மனிதன் நேர்மையாக இருப்பதற்குத் தன் வீட்டுச் சோற்றை விலையாகக் கொடுக்க வேண்டியுள்ள ஏற்பாடு, அந்நேர்மையைப் புகழ்வதற்குத் தகுதி உடையதன்று.

இறுதியாக, பிரதி என்பதைப் பற்றி ஒரு சொல். 1960களில் ஏறத்தாழ ஆயிரம் மட்டுமே செய்யப்பட்ட ஏசி கோப்ரா என்னும் பந்தயக் காரின் உடல், அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உருவாக்கியது. இன்று உலகெங்கும் ஓடும் கோப்ராக்களில் மிகப் பெரும்பாலானவை பைபர் கிளாஸ் பிரதிகள். பகுதி பகுதியாக வாங்கிச் சொந்தக்காரரே வீட்டில் பூட்டிக்கொள்பவையும் பல. பிரதி செய்வது குற்றமன்று. உடப்பிலோ முந்தலிலோ நன்றாக ஓடும் படகைக் கண்டு அடுத்தவன் அதையே அச்சாக்கிக்கொள்வதால்தான் ஏழைக்கும் படகு கிடைக்கிறது. ஆனால் பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து மற்றொரு பிரதி என்று போகும்போது, முதல் அச்சின் நசுங்கல் மறைவதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் சிறிது சுருங்கிய வடிவுடன், புதிய பளபளப்புடன் அது திரும்பப் பிறக்கிறது. எவராவது ஒருவர் நின்று, பொருந்தாமையின் காரணத்தை அச்சிலேயே தேடித் திருத்தும் வரை அது தொடரும்.

ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் உள்ள நம் வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வகுப்பறையில் நாம் நிரப்புகிற இடைவெளிகளில் எவை பின்புறத்தில் நார் வைத்தவை, எவை பரீட்சைக்கு முதல் நாள் அப்பிய பட்டி என்பதை நாமே அறிவோம். விரட்டல் அங்கேயும் உண்டு. மறைக்கும் பூச்சும் உண்டு. நாம் வேண்டுவன இரண்டு. கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு படகின் பின்புறத்தையும் பார்த்து ஒப்பமிடும் பொதுப் பரிசோதனையும், மூன்று நாள் வேலைக்கு மூன்று நாள் கூலியும், அதனைச் செய்பவனுக்கு மூச்சுக் கவசமும் வேண்டும். இது சமுதாயத்தின் கடன். அவை வரும் வரையிலும், வந்த பின்னும், உயிர் தங்கும் மூலையில் பட்டி வைக்க மறுக்கும் கை வேண்டும். இது மனிதனின் கடன். இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழிப்பவர், எந்தக் கொள்கை பேசினாலும், பூச்சின் பக்கமே நிற்கிறார்.